மேஜர் வீட்டு ஆண்பிள்ளை

மேஜர் பட்டாளத்தில் இருந்தவர் இல்லை. பட்டாளத்து வாசலைக்கூட மிதித்ததில்லை. கிடங்குகளுக்கும் வங்கிகளுக்கும் காவலாட்களை அனுப்பும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர், அவ்வளவுதான். ஆனால் இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட மீசை, மடிப்புக் கலையாத சட்டை, தபால்காரரைக்கூட நிமிர்ந்து நிற்க வைத்துவிடுகிற குரல் எல்லாம் சேர்ந்து ஒரு மனிதரிடம் இருந்தால் தெரு சும்மா இருக்குமா? அதுவே கூடி அவருக்குப் பதவி கொடுத்துவிட்டது. அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

உண்மையில் இது அவருடைய மனைவியின் கதை. மேஜர் நிற்கிற இடத்தில் அவரைச் சுற்றிக்கொண்டு போய் வேறு யாரையும் முதலில் பார்க்க முடியாது என்பதால்தான் அவரிடமிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

அவளைத் தெருவில் எல்லோரும் கர்ட்டன் அக்கா என்பார்கள். கடைவீதியில் இருக்கும் திரைச்சீலைக் கடைக்கு வீட்டிலிருந்தபடி தைத்துக் கொடுக்கிறாள். அளவெடுக்கப் போவதும் அவள்தான், தைத்ததைக் கொண்டுபோய் ஸ்டூலில் ஏறி மாட்டிவிட்டு வருவதும் அவள்தான். கழுத்தில் எப்போதும் டேப் தொங்கும். அதைக் கழற்ற மறந்து ஒருமுறை கல்யாண வீட்டுக்கே போய்விட்டாள். அந்தத் தெருவில் பாதிப் பேர் வீட்டுச் சண்டைகள் வெளியே தெரியாமல் இருந்தது அவள் தைத்த துணியால்தான். அவள் வாயும் அப்படியே. பார்த்ததை, கேட்டதை எங்கேயும் சொல்லமாட்டாள். அது நல்ல குணம் என்று நெடுநாள் வரை அவளே நினைத்துக்கொண்டிருந்தாள்.

மகளுக்குக் கல்யாணமாகி, மகனும் வேலைக்கென்று வேறு ஊருக்குப் போன பிறகு ஒரு மாலை மேஜர் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தார். பெட்டிக்குள் அல்சேஷன் குட்டி. "வீட்டுல எனக்கும் ஒரு ஆண்துணை வேணும்ல" என்றார். அவளுக்கு நாய் பிடிக்காது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தாலும் கேட்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. குட்டிக்குச் சிப்பாய் என்று பெயர் வைத்தார். வீட்டில் மேஜருக்கு மேலே பதவி யாருக்கும் இருக்கக் கூடாதல்லவா.

தடுப்பூசிக்கு இருவருமாகத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். டாக்டரம்மா அப்போதுதான் படிப்பை முடித்துக் கிளினிக் திறந்திருந்தாள். குட்டியின் வாயைத் திறந்து பார்த்தாள், காதைப் பார்த்தாள், பின்னங்கால்களுக்கு நடுவே விரலை வைத்து இரண்டுமுறை தடவிப் பார்த்தாள்.

"பையன் நல்லா இருக்கான். ஒண்ணே ஒண்ணுதான். ஒரு விதைதான் கீழ இறங்கியிருக்கு. இன்னொண்ணு வயித்துக்குள்ளயே நின்னுடுச்சு. ஆறு மாசம் ஆகட்டும், பாப்போம். அப்பவும் இறங்கலைன்னா ரெண்டையுமே எடுத்துடறது நல்லது சார். உள்ள இருக்கிறது பின்னால கட்டியா மாறும். அப்பறம், இது பரம்பரையா வர்ற குறை. அதனால இவனை வச்சுக் குட்டி எடுக்காதீங்க."

மேஜரின் முகத்தில் ஈயாடவில்லை. டாக்டரம்மா ஏதோ அவரையே மேசையில் படுக்கவைத்துச் சோதித்து எல்லோர் முன்னாலும் முடிவைச் சொன்னதுபோல விறைத்துப்போய் நின்றார். திரும்பி வரும் வழியெல்லாம் பேசவில்லை. வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் முதல் வார்த்தை இதுதான்.

"இது நம்ம ரெண்டு பேரோட இருக்கணும். வெளிய மூச்சு விட்டே, நான் மனுஷனா இருக்கமாட்டேன். சத்தியம் பண்ணு."

ஒரு நாய்க்குட்டியின் அடிவயிற்றுச் சங்கதிக்குச் சத்தியமா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு சத்தியம் செய்தாள். அந்தச் சிரிப்பு வந்ததை நினைத்துப் பின்னால் பலமுறை நொந்துகொண்டாள்.

அந்த டாக்டரம்மாவிடம் மேஜர் மறுபடி போகவில்லை. "நேத்து முளைச்சது, இதுக்கு என்ன தெரியும்" என்று ஒரே வரியில் அவளுடைய படிப்பையே தள்ளுபடி செய்துவிட்டுத் தானே வைத்தியத்தில் இறங்கினார். தினமும் காலையில் வாசல் கதவைத் தாழிட்டுக்கொண்டு, எண்ணெயைச் சுடவைத்து, குட்டியை மல்லாத்திப் போட்டு அடிவயிற்றிலிருந்து கீழ்நோக்கி நீவிவிடுவார். முன்னங்கால்களைப் பிடித்துக்கொள்வது அவள் வேலை. ஊரில் அத்தனை காவலாட்களை அதட்டி மேய்க்கிற மனிதர், நாய்க்குட்டி முன் சம்மணம் போட்டு உட்கார்ந்து "இறங்குடா, இறங்குடா ராசா" என்று கெஞ்சிக்கொண்டிருப்பார். முட்டை கொடுத்தார், ஈரல் கொடுத்தார். குட்டி நன்றாகக் கொழுத்தது. விதை இறங்கவில்லை.

ஆறு மாதம் முடிந்து ஏழும் ஆனது. அவள் நினைவுபடுத்தினாள்.

"டாக்டரம்மா சொன்னாங்கல்ல, கூட்டிட்டுப் போலாமா?"

"எதுக்கு? காயடிக்கவா? ஒரு ஆம்பளையைக் கூட்டிட்டுப் போயி அறுத்துட்டு வரணுமா நான்? அதுக்கப்பறம் அது நாயா? அலங்காரத்துக்கு வச்ச பொம்மை. உனக்கு என்னடி தெரியும் அந்த வலி?"

அவளுக்குத் தெரியாதாம். அந்தக் கேள்வி அவளை இருபது வருஷத்துக்குப் பின்னே இழுத்துக்கொண்டு போய் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் தள்ளியது.

மகன் பிறந்த மறுநாள். இரண்டு பிள்ளை போதும் என்று பேசி முடிவாகியிருந்தது. நர்ஸ் வந்து குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனைப் பொறுமையாக விளக்கினாள். பெண்ணுக்கு என்றால் வயிற்றைத் திறக்க வேண்டும், ஆணுக்கு என்றால் சின்ன வேலை, அன்றைக்கே நடந்து வீட்டுக்குப் போய்விடலாம், எதையும் வெட்டி எடுப்பது இல்லை, குழாயை மட்டும்தான் கட்டுவது என்றாள். மேஜர் தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனார். திரும்பி வந்து, கதவில் நின்றபடியே, "இவளுக்கே பண்ணிடுங்க. நான் வெயிட் தூக்குற ஆளு" என்றார். இன்னொரு டீ சொல்வதுபோலத்தான் சொன்னார். அந்தக் காலத்தில் அவர் ஒரு கிடங்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், தூக்கிய வெயிட் சாவிக்கொத்து ஒன்றுதான். கட்டிலில் கிடந்தவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அவளுக்குத் தையல் பிரிந்து சீழ் வைத்தது. மூன்று மாதம் மெஷினில் உட்கார முடியவில்லை. இப்போதும் ஸ்டூலில் ஏறிக் கையை உயர்த்திக் கம்பியில் வளையங்களைக் கோக்கும்போது அடிவயிறு சுருக்கென்று இழுக்கும், ஒரு நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். இன்னொரு பிள்ளை பெறவில்லையே என்ற ஏக்கம் அவளுக்குக் கிடையாது. கேட்டிருந்தால் அவளே சரி என்றுதான் சொல்லியிருப்பாள். கேட்கவில்லையே என்பதுதான் உறுத்தல். அந்த உறுத்தல் தையல் தழும்பைவிட மோசமானது.

இப்படியாகச் சிப்பாய் முழு நாயாக வளர்ந்தான். பிடிக்காது என்று சொன்னவள்தான் அவனைக் குளிப்பாட்டினாள், உண்ணி பொறுக்கினாள், பீ அள்ளினாள், இடி இடித்தால் நடுங்குகிறவனை மடியில் தலை வைத்துப் படுக்கவிட்டாள். அவள் மெஷின் மிதிக்கும்போது அவன் பெடலுக்குப் பக்கத்தில் படுத்து அவளுடைய இன்னொரு பாதத்தின்மேல் தாடையை வைத்துக்கொள்வான். எந்தத் துணி விழுந்தாலும் அதை இழுத்துப் போய்ப் படுக்கை போட்டுக்கொள்வான். பட்டுத்துணி என்றால் இன்னும் சந்தோஷம். வீட்டில் அவள் வந்தால் எழுந்து வருகிற ஒரே ஜீவன் அது. மாலையில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடப்பது மட்டும் மேஜர். பார்க்கிறவர்கள், "என்ன சார், சிங்கம் மாதிரி வளர்த்திருக்கீங்க" என்பார்கள். மேஜர் மீசையைத் தடவிக்கொள்வார்.

அடுத்த தெரு கான்ட்ராக்டர் தன் பெண் நாய்க்கு ஜோடி தேடி வந்தபோது, டாக்டரம்மா சொன்னது மேஜருக்கு மறந்துபோயிற்று. மறந்துபோயிற்று என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒன்றை வைத்துக்கொண்டே என் பிள்ளை சாதித்துக் காட்டினான் என்று அவளிடம் மட்டும் இரண்டு நாள் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். பிறந்த குட்டிகளில் தன் பங்குக்கு வந்த ஆண்குட்டியை எதிர்வீட்டு டீச்சருக்குத் தூக்கிக் கொடுத்தார். "சிப்பாயோட ரத்தம் டீச்சர். கண்ணை மூடிட்டு வளக்கலாம்."

டீச்சர் அதற்குப் பட்டன் என்று பெயர் வைத்தாள். அவள் வீட்டுக்குத் திரை அளவெடுக்கப் போனபோது குட்டி வந்து மடியில் ஏறிக்கொண்டது. கர்ட்டன் அக்கா கொஞ்சுகிற சாக்கில் விரலால் தடவிப் பார்த்தாள். ஒன்றுதான் இருந்தது. சொல்லத்தான் வாயைத் திறந்தாள். சத்தியம், வீட்டில் வெடிக்கப்போகும் சண்டை, மேஜரின் முகம் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. "ஜன்னலுக்கு உள்பக்கம் வெள்ளைத் துணி வேற வைக்கணும் டீச்சர்" என்று பேச்சை மாற்றிவிட்டு வந்துவிட்டாள்.

சிப்பாய்க்கு எட்டு வயது நடக்கும்போது விலாவில் முடி கொட்டத் தொடங்கியது. பூச்சி மருந்து போட்டார்கள், சோப்பை மாற்றினார்கள். பிறகு அடிவயிற்றில் மடிக்காம்புகள் தடித்துத் தொங்க ஆரம்பித்தன, குட்டி போட்ட நாய்க்கு இருப்பதுபோல. மேஜர் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தெரு அப்படித் திருப்பிக்கொள்ளுமா? ஒரு மாலை மேஜர் நடைக்குக் கிளம்பினார். மூலையில் இருந்த கடுவன் நாய் ஒன்று சிப்பாயின் பின்னால் மோந்துகொண்டே வந்தது. அடுத்த திருப்பத்தில் இரண்டாயிற்று. டீக்கடை வருவதற்குள் நாலைந்து. சிப்பாய் வாலை ஒடுக்கிக்கொண்டு மேஜரின் காலோடு ஒட்டினான். அதில் ஒன்று துணிந்து அவன் மேலேயே ஏறியது. டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவன் உரக்கச் சொன்னான்:

"மேஜர் சார், சம்பந்தம் பேச வந்திருக்காங்க! ஒரு நல்ல இடமாப் பாத்து முடிச்சுடுங்க."

பெஞ்சே குலுங்கிச் சிரித்தது. மேஜர் சங்கிலியின் முனையை ஓங்கி அடித்தார். ஏறிய நாயை அல்ல, சிப்பாயை. முதுகில், மூஞ்சியில். அவன் கத்தவில்லை, படுத்துவிட்டான். எதிர்ப்பக்கம் துணிமூட்டையோடு வந்துகொண்டிருந்த கர்ட்டன் அக்கா இதை முழுக்கப் பார்த்தாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அந்த மனிதரை அவள் வெறுத்தது அன்றுதான். அதற்கு முன்பெல்லாம் வருத்தம்தான் இருந்தது.

அன்றிலிருந்து சிப்பாயைப் பின்கட்டில், துணி துவைக்கிற இடத்துக்கு அந்தப் பக்கம் கட்டிப்போட்டார் மேஜர். யாராவது கேட்டால் சொறி என்றார். பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டார். வேறொரு சொல்லால் குறிப்பிட்டார், அதை இங்கே எழுத வேண்டாம். ஒரு நாள் காலை சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"நாளைக்குக் கம்பெனி வேன் வரும். டிரைவர்கிட்ட சொல்லிட்டேன். தூரமா எங்கயாவது எறக்கி விட்டுட்டு வந்துடுவான்."

"யாரை?"

"வேற யாரை? அதைத்தான்."

அவர் வேலைக்குப் போனதும், முடிக்கவேண்டிய திரையை அப்படியே மெஷினில் விட்டுவிட்டு, ஒரு வண்டி பிடித்துச் சிப்பாயை ஏற்றிக்கொண்டு பழைய கிளினிக்குக்கே போனாள்.

டாக்டரம்மாவுக்கு இப்போது காதோரம் ஒன்றிரண்டு முடி நரைத்திருந்தது. ஈறைத் தூக்கிப் பார்த்தாள், சுண்ணாம்புபோல வெளுத்திருந்தது. வயிற்றில் ஸ்கேன் வைத்தாள். ஸ்கேன் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"உள்ளயே நின்ன விதைம்மா. ஆரஞ்சுப்பழம் அளவுக்குக் கட்டியா வளந்திருக்கு. அந்தக் கட்டி பொம்பளை நாய்க்குச் சுரக்கிறதைச் சுரக்குது. மடி இறங்கினது அதனாலதான், ஆண் நாயெல்லாம் தேடி வர்றது அதனாலதான். அதைக்கூட விட்டுடலாம். எலும்புக்குள்ள ரத்தம் ஊறுறதையே அது நிறுத்திடுச்சு. இவன் உடம்புல ரத்தமே இல்ல." கொஞ்சம் நிறுத்தி, அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். "உங்ககிட்ட இதை முன்னாடியே சொன்ன ஞாபகம் இருக்கே. குட்டியா கொண்டு வந்தப்பவே சொன்னேன்ல?"

"சொன்னீங்க."

"அப்ப ஏம்மா வரல? காலையில வந்து சாயங்காலம் வீட்டுக்குப் போயிருப்பான்."

"வீட்டுல ஒத்துக்கல" என்றாள் கர்ட்டன் அக்கா. எல்லா வீட்டுப் பெண்களும் சொல்கிற வார்த்தைதான். சொன்னபோது அது எவ்வளவு கேவலமான வார்த்தை என்று அவளுக்கே பட்டது.

ஆபரேஷன் செய்துதான் ஆகவேண்டும், பிழைப்பான் என்று உறுதி சொல்ல முடியாது, முதலில் வேறொரு பெரிய நாயிடமிருந்து ரத்தம் ஏற்ற வேண்டும் என்றாள் டாக்டரம்மா. வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் என்றும் சொன்னாள். கர்ட்டன் அக்கா வெளியே வந்து மேஜருக்குப் போன் போட்டாள்.

"நாளைக்கு வேன் வர வேண்டாம். இவனுக்கு ஆபரேஷன் பண்ணப்போறேன்."

"யாரைக் கேட்டு?"

"உங்களைத்தான். எட்டு வருஷமாக் கேட்டாச்சு." போனை வைத்துவிட்டாள். உள்ளே போய், சம்மதம் தான்தான் தருவதாகச் சொன்னாள்.

ரத்தத்துக்குப் பட்டனை விட்டால் வேறு வழியில்லை. டீச்சர் பள்ளிக்கூடத்தில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு மறுபேச்சில்லாமல் பட்டனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ரத்தம் எடுக்கும் முன் டாக்டரம்மா பட்டனைச் சோதித்தாள். விரல் ஓரிடத்தில் நின்றது.

"இவனுக்கும் ஒண்ணுதான் இருக்கு. இவங்கப்பன் யாரு?"

டீச்சர் சிப்பாயைக் காட்டினாள். டாக்டரம்மா விஷயத்தை விளக்க விளக்க டீச்சரின் முகம் மாறிக்கொண்டே வந்தது. கடைசியில் திரும்பினாள்.

"அக்கா, உங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியும் டீச்சர்."

"பட்டனுக்கும் இப்படின்னு?"

"தெரியும்."

"மூணு வருஷமா எதிர்வீட்டுலேருந்து இவனைப் பாத்துக்கிட்டு இருக்கீங்க. எங்க வீட்டுக்கு வந்து மடியில வச்சுக் கொஞ்சினீங்க. ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா உங்களுக்கு? நானும் இவனை இப்படித்தான் தூக்கிட்டு வந்திருப்பேன், இல்ல?"

சத்தியம் செய்திருந்தேன் என்று கர்ட்டன் அக்கா சொல்லலாம்தான். சொன்னால் யார் மதிப்பார்கள்? டீச்சர் ரத்தம் கொடுக்கவிட்டாள், பட்டனின் தலையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றாள், அவளிடம் மட்டும் அதற்குப் பிறகு பேசவில்லை.

சிப்பாய் ஆபரேஷன் மேசையிலிருந்து உயிரோடுதான் இறங்கினான். வீட்டுக்கும் வந்தான். மெஷினுக்குப் பக்கத்தில் மெத்தை போட்டுப் படுக்கவைத்து, கையால் ஊட்டினாள். முதல் நாள் வாலைக்கூட ஆட்டினான். அவள் நம்பினாள். தினமும் ஈறைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள், சிவக்கவில்லை. எலும்பு தன் வேலையை மறந்துவிட்டிருந்தது. அப்புறம் மூக்கிலிருந்து ரத்தம் ஒழுக ஆரம்பித்தது. ஒரு மத்தியானம் அவள் ஓரம் அடித்துக்கொண்டிருக்கும்போது பாதத்தின்மேல் வைத்திருந்த தாடை திடீரென்று கனத்தது. குனிந்து பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. கையில் இருந்த துணியை முடிக்கும்வரை தைத்தாள். முடித்துவிட்டு அழுதாள்.

சிப்பாய் உயிரோடு இருந்த அந்த நாட்களில் மேஜர் அந்த அறைப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. செத்த பிறகு துக்கம் பொங்கிக்கொண்டு வந்துவிட்டது. டீக்கடைக்குப் போனார், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வருகிறவன் போகிறவனிடமெல்லாம், "காயடிச்சுட்டாங்க, போய்ச் சேந்துட்டான். பொம்பளைங்க அவசரப்பட்டுட்டாங்க" என்றார். சம்பந்தம் பேச வந்திருக்கிறார்கள் என்று சிரித்த அதே வாய், "ச்சே, பாவம் சார்" என்றது. நாயின் சாவில் தன் மானம் பிழைத்துக்கொண்டது என்று மேஜர் நினைத்திருக்க வேண்டும்.

பட்டனுக்கு ஆபரேஷன் செய்ய டீச்சர் நாள் குறித்திருந்தாள். அதற்கு முந்தின நாள் மாலை கர்ட்டன் அக்கா கடையிலிருந்து துணிப்பையோடு வந்தபோது, டீச்சர் வீட்டுக் கேட்டில் மேஜர் நின்றுகொண்டிருந்தார். உள்ளே டீச்சரின் கணவர், காலடியில் பட்டன். டீக்கடைக்காரரும் இன்னும் இரண்டு பேரும் பக்கத்தில்.

"தம்பி, நான் சொல்றதைக் கேளுங்க. என் சிப்பாய் எப்படி இருந்தான்னு நீங்களே பாத்திருக்கீங்க. கத்தி பட்டுச்சு, போய்ட்டான். ஆம்பளையோட சக்தியே அதுலதான இருக்கு? இயற்கையா குடுத்ததை எடுக்கக் கூடாது. உங்க பையன் முழுசா இருக்கான், அப்படியே விடுங்க."

டீச்சரின் கணவர், "அதான் சார், எனக்கும் மனசே வரல. வேண்டாம்னு சொல்லிடலாம்னு இருக்கேன்" என்றார்.

கர்ட்டன் அக்கா பையைத் தரையில் வைத்தாள்.

"முழுசா இல்ல தம்பி. பட்டனுக்கு ஒண்ணுதான். அவன் அப்பனுக்கும் ஒண்ணுதான். டாக்டரம்மா முதல் நாளே சொன்னாங்க, எடுத்துடுங்கன்னு. இவர் எடுக்க விடல. எண்ணெய் போட்டு நீவிவிட்டாரு, நான்தான் காலைப் பிடிச்சுக்கிட்டேன். குட்டி எடுக்காதீங்கன்னும் சொன்னாங்க. எடுத்து உங்க கையில குடுத்தாரு. சிப்பாய் கத்தி பட்டுச் சாகல. கத்தி படாம செத்தான்."

"ஏய், உள்ள போ" என்றார் மேஜர். மீசை துடித்தது.

"போறேன். சொல்லிட்டுப் போறேன். எனக்குப் பண்ணணும்னப்போ வெளிய போயி ஒரு டீ குடிச்சுட்டு வந்து சரின்னுட்டாரு. நாய்க்குப் பண்ண எட்டு வருஷம் பத்தல. அந்த ஆபரேஷனுக்கு அப்பறம் என் வயிறு எப்படி இருக்குன்னு இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை கேட்டதில்ல. இந்த மனுஷன் சொல்றதைக் கேட்டுக்கிட்டா உங்க நாயை நாளைக்குக் கூட்டிட்டுப் போகாம இருக்கப்போறீங்க?"

எவனும் ஜோக் அடிக்கவில்லை. டீக்கடைக்காரர் கடையில் பால் பொங்கும் என்று நினைவு வந்தவர்போலக் கிளம்பினார். டீச்சர் எப்போது வாசலுக்கு வந்தாள் என்று தெரியவில்லை. "நாளைக்குக் காலையில நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் கணவரிடம். அவர் பட்டனைக் குனிந்து பார்த்தார், தலையைச் சொறிந்துகொண்டே உள்ளே போனார்.

பட்டன் நன்றாகத் தேறி எழுந்தான். இப்போதும் கேட்டுக்குள்ளிருந்து அவளைப் பார்த்தால் குதிப்பான். டீச்சர் பார்த்தால் தலையை ஆட்டுவாள். முன்புபோல உள்ளே கூப்பிட்டு உட்காரவைப்பதில்லை. அது தானே தேடிக்கொண்டது என்றுதான் கர்ட்டன் அக்கா நினைத்தாள்.

மேஜர் மட்டும் வாரக்கணக்கில் அவளோடு பேசவில்லை. நாய் செத்ததற்காக அல்ல. தெருவுக்குத் தெரிந்துபோனதற்காக. வைத்ததைச் சாப்பிட்டார், துவைத்ததைப் போட்டுக்கொண்டார், வாயை மட்டும் பூட்டிக்கொண்டார். அந்த அமைதி அவளுக்கு ஒன்றும் கஷ்டமாக இல்லை. சில நாள் நிம்மதியாகக்கூட இருந்தது. என்றாவது ஒருநாள், தப்பு என்மேல்தான் என்று இவர் சொல்வார், சொல்லாவிட்டாலும் பின்கட்டில் சிப்பாயைக் கட்டியிருந்த இடத்தைப் பார்க்கும்போது முகத்திலாவது தெரியும் என்று ஒரு சின்ன எதிர்பார்ப்பு அவளுக்கு இருந்தது. முட்டாள்தனம்தான். ஆனாலும் இருந்தது.

ஒரு சாயங்காலம் அவர் சிரித்த முகமாக வந்தார். கையில் ஒரு கூடை. நேராக அவள் மெஷினுக்கு வந்து, விரித்திருந்த திரைத்துணியின்மேலேயே ஒரு குட்டியை எடுத்து வைத்தார். கறுப்பும் பழுப்புமாய், காது இன்னும் நிமிராத அல்சேஷன் குட்டி. அதை மல்லாத்தி, பின்னங்கால்களை விரித்துப் பிடித்து, அவளிடம் காட்டினார்.

"பாரு. இந்தத் தடவை ஏமாறல. நானே தொட்டுப் பாத்துட்டுத்தான் வாங்கினேன். ரெண்டும் இருக்கு."

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு நடந்ததிலிருந்து இந்த மனிதர் கற்றுக்கொண்டது இதுதான். கோபம்கூட வரவில்லை, உடம்பெல்லாம் ஒரு அசதி வந்தது.

"இதை நான் பாத்துக்கணும்னா, இது என் நாய். வளக்கிறதும் நான், ஆபரேஷன் பண்ணுறதா வேண்டாமான்னு சொல்றதும் நான். பண்ணுவேன்னு இப்பவே சொல்லிடறேன்."

மேஜர் வாய்விட்டுச் சிரித்தார். "வந்து அஞ்சு நிமிஷம் ஆகல, அதுக்குள்ள அறுக்கக் கத்தி தீட்டுறா பாரு."

"அப்ப நீங்களே பாத்துக்குங்க."

"பாத்துக்கறேன், போ. எனக்கென்ன கையா இல்ல? ரெண்டு நாள் தாங்குவியா நீ? நீயே வந்து தூக்கிக்குவே."

அவர் குட்டியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார். அவள் துணியை நேராக்கி, ஊசிக்குக் கீழே வைத்தாள். உள்ளே பாத்திரம் உருண்டது. பாலை ஆழமான கிண்ணத்தில் ஊற்றியிருக்கிறார், குட்டிக்கு எட்டவில்லை என்று சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்தது. அது கீச்சுக் குரலில் அழ ஆரம்பித்தது. அவர் ஒருமுறை கொஞ்சினார், ஒருமுறை அதட்டினார். "ஏய், இங்க வந்து பாரேன், எதுக்கு இது இப்படிக் கத்துது?" என்று கூப்பிட்டார்.

தட்டையான தட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. எழுந்து போய் எடுத்துக் கொடுக்க ஒரு நொடி போதும். அவள் கால் பெடலிலிருந்து பாதி இறங்கியும்விட்டது. குட்டி விடாமல் அழுதது. அதன்மேல் ஒரு தப்பும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அவள் காலை மறுபடி பெடலில் வைத்து மிதித்தாள், மெஷின் ஓடும் சத்தத்துக்கு மேலேயும் அழுகை கேட்டது, அவள் எழுந்திருக்கவில்லை.